சாமைக் கொல்லையில் குருவி ஓட்டியவர்

மெட்டு முதலில் வருமா, வார்த்தை முதலில் வருமா என்று போன வாரம் நீங்கள் நால்வரும் கேட்டீர்கள். முழங்கால் வலி பொறுக்காமல் ஆர்மோனியத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன். யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. யோசித்துப் பார்த்ததில், இரண்டுமே முதலில் வருவதில்லை. முதலில் வருவது ஒரு மகனோ மகளோதான். போனில் வருவார்கள். "எங்கப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் வெச்சிருக்கோம், அவரப் பத்தி ஒரு பாட்டு கட்டித் தரணும்" என்பார்கள். நமக்கு வம்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம், தியாகதுருகம் பக்கத்து முதியோர் இல்லம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலையில் பெரியவர்கள் கூடும் இடம், இங்கெல்லாம் போய் வாசிக்கிறோம் என்றால், "பழைய பாட்டா பாடுவீங்க?" என்று கேட்பார்கள். பழைய பாட்டும் பாடுவோம். ஆனால் நம்மைத் தேடிக் கூப்பிடுவது அதற்காக இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரின் சொந்தக் கதையை அவருக்கே பாட்டாக்கிப் பாடுகிறோம் என்பதற்காகத்தான். கதை தப்பாகிவிட்டால் சுருதி எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இதை நான் இரண்டு தவணையாகக் கற்றுக்கொண்டேன். முதல் தவணை ரிஷிவந்தியத்தில். ஓர் அறுபதாம் கல்யாணத்தில் மாலை மாற்றிய அம்மாவின் பிறந்த ஊரை மாற்றிப் பாடிவிட்டேன். பக்கத்து ஊர்தான், நடந்தே போய்விடலாம். ஆனாலும் பிறந்த வீட்டுச் சனம் மொத்தமும் பந்தியிலிருந்து எழுந்துவிட்டது. அந்த அம்மாவின் அண்ணன் சாம்பார்க் கையோடு மேடைக்கு வந்து, "எங்கூர்ல இன்னா பொண்ணே இல்லையா?" என்றார். மன்னிப்புக் கேட்டு, அந்த ஊர் ஏரியையும் கோயிலையும் சேர்த்து நின்ற இடத்திலேயே ஒரு சரணம் கட்டிப் பாடிய பிறகுதான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் ரொம்ப ஜாக்கிரதை ஆகிவிட்டேன். பிள்ளைகளிடம் துருவித் துருவிக் கேட்பேன். ஊர், பேர், உறவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி இரண்டு முறை படித்துக் காட்டுவேன். விவரம் சரியாக இருந்தால் கதையும் சரியாக இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை களமருதூரில் உடைந்தது.

களமருதூர் கோவிந்தசாமி ஐயாவுக்கு எண்பது. அவர் மனைவி அஞ்சலை அம்மாவுக்கு எழுபத்து மூன்றோ நான்கோ. நெல் விவசாயக் குடும்பம். ஒரே மகன் குமரவேல் பெங்களூரில் வேலை, மகள் உள்ளூரிலேயே. குமரவேல்தான் எனக்குப் போன் செய்தார். வாட்ஸ்அப்பில் பத்துப் பதினைந்து குரல் பதிவு அனுப்பினார். "எங்கம்மா வாயில்லாப் பூச்சிக்கா. அப்பா பேச்ச மீறி ஒரு நாள் ஒரு வார்த்த பேசினதில்ல. கல்யாணமான புதுசுல அம்மாவுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சாம். அம்மா பொறந்த வூட்ல ரெண்டு மாசம் அப்பா கூடவே இருந்து பாத்துக்கினாராம். அத அவசியம் வெச்சிடுங்க. எல்லாரும் அழுவணும்க்கா."

எழுதினேன். நான்கு சரணம். 'மண்போலப் பொறுத்தவளே, மறுவார்த்தை பேசாதவளே' என்று ஆரம்பம். மூன்றாவது சரணம் முழுக்கக் காமாலை.  என் வாழ்நாளில் கட்டிய பாட்டுகளிலேயே இதுதான் உசத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

விசேஷத்தன்று காலை ஏழு மணிக்கெல்லாம் நானும் டோலக் வாசிப்பவரும் களமருதூர் போய்விட்டோம். அவர் என்னோடு இருபது வருஷம் வாசித்தவர். பேர் சொல்ல வேண்டாம்; சொன்னால் கோபித்துக்கொள்வார். வீட்டு வாசலில் பந்தல். பத்தரைக்கு மாலை மாற்றித் தாலி கட்டியதும் பாட்டு என்று சொல்லியிருந்தார்கள். விதைக் கடலை மூட்டை அடுக்கியிருந்த உள்ளறையில் உட்கார்ந்து மெல்லப் பாடிப் பார்த்தேன். காமாலைச் சரணத்தைப் பாடி முடிப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல்.

"இன்னாமே பாட்டு அது? இங்க வா."

அஞ்சலை அம்மா. பட்டுப்புடவை கட்டி, பாதி பின்னிய தலையோடு உட்கார்ந்திருந்தார். பின்னிக்கொண்டிருந்த மகளைப் பூ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"யாரப் பத்தி அது?"

"உங்களப் பத்திதாம்மா. உங்க பையன் சொல்லி எழுதினது."

"என்னப் பத்தியா? எவளோ செத்துப்போனவளப் பத்திப் பாடறேன்னு நெனச்சி இவ்ளோ நேரம் உச்சு கொட்டிக்கினு இருந்தேன்."

 அவர் விடவில்லை.

"காமாலைன்னியே, எனக்கு எந்தக் காமாலையும் வரல. இன்னிய வரைக்கும் ஒரு ஊசி போட்டதில்ல இந்த ஒடம்புல."

"அப்ப அந்த ரெண்டு மாசம்?"

கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அப்புறம் சொன்னார்.

அவருக்குப் பிறந்த ஊர் கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரம். களமருதூருக்கு வாக்கப்பட்டு இரண்டாவது வருஷம், ஆவணியில், தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாமியார் போகக்கூடாது என்றுவிட்டார். நடவு நேரம், ஆள் கம்மி. கோவிந்தசாமி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"ஒரு வார்த்த, 'போய்ட்டு வரட்டும்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லலாம் இல்ல? வாயத் தொறக்கல. மோட்டுவளையப் பாத்துக்கினு நின்னாரு. வாயில்லாப் பூச்சி நான் இல்லமே, அவருதான்."

கல்யாண நாள் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் அஞ்சலை கிளம்பிவிட்டார். தாய் வீட்டுக்குப் போனால் புத்தி சொல்லி மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் நேரே மலைக்கு ஏறினார். சின்ன வயதில் சந்தைக்குப் புளியும் தேனும் கொண்டு இறங்கும் மலைக்காரர்கள் இவர் வீட்டில்தான் இளைப்பாறிவிட்டுப் போவார்கள். அப்படிச் சிநேகமானவர் சின்னப்பொண்ணு. அவர் வீட்டில் போய்த் தங்கி, அவர்களோடு கொல்லை வேலைக்கு, அதாவது சரிவில் இருந்த சாமை வயலுக்குப் போக ஆரம்பித்தார்.

"பதினெட்டாம் நாளு வந்து நின்னாரு. அப்பல்லாம் மேல ஏற பஸ்ஸு ஏது? நடந்தே வந்திருக்காரு. வாரறுந்த செருப்பக் கைல புடிச்சிக்கினு, 'போலாமா?'ன்னாரு. வரலன்னேன். எங்கம்மாவுக்கு இன்னா பதில் சொல்வேன்னாரு. அது உம்பாடுன்னேன்."

கோவிந்தசாமி திரும்பிப் போகவில்லை. சாமை கதிர் வாங்கியிருந்த நேரம். சும்மா சோறு போட முடியுமா என்று சின்னப்பொண்ணு வீட்டில் அவர் கையில் ஒரு தகர டப்பாவையும் கவணையும் கொடுத்துக் குருவி ஓட்டச் சொல்லிவிட்டார்கள். சமவெளியில் வரப்பில் நடந்தவருக்குச் சரிவில் நிற்கவே தெரியவில்லை. பகலெல்லாம் சறுக்கிச் சறுக்கிக் குருவி ஓட்டிவிட்டு, பொழுது சாய்வதற்கு முன் அஞ்சலை வேலை செய்யும் இடத்துக்கு வந்து, "போலாமா?" என்பார். "பாக்கலாம்" என்பார் இவர். அப்புறம் இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து பேசுவார்கள்.

"கல்யாணமாயி ரெண்டு வருசத்துல அவரு எங்கூடப் பேசினத ஒரு பக்கத்துல எழுதிடலாம். மலைல பேசினாரு பாரு, அப்பா! அவருக்கு இன்னா புடிக்கும், இன்னாத்துக்குப் பயம், எல்லாம் அங்கதான் தெரிஞ்சிது எனக்கு. ஐப்பசி கடைசில சரி வான்னு எறங்கினோம். அப்புறம் இன்னிய வரைக்கும் என்னக் கேக்காம ஒரு மாடு கட்டினதில்ல அவரு."

கீழே வந்ததும், பெண்டாட்டி பின்னால் போனவன் என்று ஊர் சிரிக்குமே என்று கோவிந்தசாமி காமாலைக் கதையைக் கட்டினார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"நான் சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். நீ பாடினா அது என் கணக்குல வராது. பாடு" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அடுத்ததைச் சொல்லும்போது இல்லை. "எம்புள்ளைங்க வேற எவளையோ அம்மான்னு நெனச்சிக்கினு இருக்குதுங்கமே. இன்னிக்காச்சும் என்னப் பாக்கட்டும்."

பூவோடு மகள் வந்துவிட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். மணி எட்டு.

உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். அதனால் என் நிலைமையைச் சொல்கிறேன். கூப்பிட்டது மகன், அவருக்குக் காமாலை வேண்டும். அம்மாவுக்கு மலை வேண்டும். அதைப் பாடினால் எண்பது வயது மனிதர், சம்பந்திகளும் ஊரும் கூடியிருக்கும் பந்தலில், ஐம்பது வருஷம் பொய் சொன்னவராக ஆகிவிடுவார். பாடாவிட்டால் அந்த அம்மா மண்போலப் பொறுத்தவளாகவே மாலை போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிக் கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் டோலக்காரரிடம் போய், கதையைச் சொல்லாமல், "ஒருத்தர் ரகசியம் இன்னொருத்தர் பாட்டுல கெடக்குது. அவர்கிட்டப் போயி சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் டோலக்கின் வாரை இழுத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதையும் சொல்லாதீங்க. கேளுங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கோவிந்தசாமி ஐயா பின்பக்கம் பைப்படியில் சவரம் முடித்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை. "ஐயா, பாட்டுல ஒரு சரணம் சரியா அமையல. உங்க வாழ்க்கையில ரொம்ப நல்லா இருந்த காலம் எதுன்னு சொன்னீங்கன்னா அத வெச்சிடுவேன்" என்றேன்.

வீடு கட்டியதைச் சொல்வார், மகன் வேலைக்குப் போனதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மலைல கொஞ்ச நாளு இருந்தேம்மா. சாமைக் கொல்லையில குருவி ஓட்டிக்கினு. அதான்." உடனே கையை ஆட்டினார். "அது வேணாம். எழுதாத."

"சரிங்கய்யா" என்று திரும்பினேன். நாலடி வைத்திருப்பேன்.

"யம்மா. குருவி ஓட்டினத மட்டும் வேணா பாடு. ஏன் போனேன், எதுக்குப் போனேன், அதெல்லாம் வேணாம்."

அஞ்சலை அம்மாவிடம் ஓடினேன். நான் கேட்டதற்கு ஐயா என்ன சொன்னார் என்று சொன்னேன். "குருவி வரைக்கும்தாம்மா என்னால பாட முடியும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரே சொன்னாரா?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம், "சரி, குருவி வரைக்கும் போ. போதும்" என்றார்.

நான்கு சரணத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் புதுப் பாட்டு. டோலக்காரர் ஒரு துள்ளல் தாளம் பிடித்தார். வார்த்தை தானாக வந்து விழுந்தது.

மேட்டுக் கொல்லைச் சாமையிலே குருவி வந்து குந்துது
கெழக்க தொரத்தி விட்டாக்கா மேற்க போயி குந்துது
கவணெடுத்துக் கல்லெறிஞ்சா கல்லு மட்டும் போவுது
குருவி அங்க குந்திக்கினு கோவிந்தசாமிய பாக்குது

தாலி கட்டி முடிந்தது. நாங்கள் ஆரம்பித்தோம். முதல் வரியிலேயே பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது சரணத்தில் குருவி விரட்டும் சத்தத்தைப் பிள்ளைகள் எல்லாம் எங்களோடு கத்தின. ஐயா மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். அஞ்சலை அம்மா சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குமரவேல் மட்டும் என்னைப் பார்த்த பார்வையில் அழுகை எங்கே, காமாலை எங்கே என்ற கேள்வி இருந்தது. மூன்று சரணம் முடிந்ததும் மைக்கை வாங்கிவிட்டார். கோபம் இல்லை, குழப்பம்தான்.

"அப்பா, நீ எப்பப்பா மலைல இருந்த?"

பந்தல் அமைதியாகிவிட்டது. என் விரல் தானாக ஒரு வேகமான மெட்டுக்குப் போனது. அந்த அமைதியை மூடிவிட வேண்டும் என்ற பதற்றம். டோலக்காரர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். இரண்டு கையையும் டோலக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தபடி துருத்தியை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுரத்தைப் போல நீளமான ஒன்றை நான் வாசித்ததே இல்லை.

ஐயா மனைவியைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்தவர் அல்லவா.

"ஒங்கம்மா அங்க இருந்தா. அதான் நானும் இருந்தேன்" என்றார் ஐயா.

"அம்மா காமாலைல இல்ல படுத்திருந்தாங்க?"

ஐயா மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவளுக்கு வந்தது காமாலை இல்லடா. கோவம்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முன்வரிசையில் இருந்த அஞ்சலை அம்மாவின் தங்கைதான் முதலில் சிரித்தார். யாருடைய கல்யாணத்துக்கு அக்கா வராமல் போனாரோ, அவர். பிறகு பந்தலே சிரித்தது. "அப்புறம் இன்னா ஆச்சு மாமா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல். "அப்புறம் இன்னா? அவ வரேன்னு சொல்ற வரைக்கும் குருவி ஓட்டினேன்" என்றார் ஐயா. வெட்கப்படுவார் என்று பார்த்தால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமரவேல் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்து, முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆசைப்பட்டபடி அன்றைக்கு ஒருவர் அழுதார். அது அவரேதான்.

இத்தோடு நிறுத்தினால் என்னை ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். மீதியையும் கேளுங்கள்.

அடுத்த மாதம் வெள்ளிமலையில் நம் வழக்கமான சனிக்கிழமை. அந்தப் பாட்டை, பேரை மட்டும் எடுத்துவிட்டு, மலைப் பெரியவர்களுக்குப் பாடினேன். எல்லோரும் ரசித்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். முடிந்ததும் கைகாட்டி என்னைக் கூப்பிட்டார்.

"அது எங்க கொல்லதாம்மா. நான்தான் சின்னப்பொண்ணு. அஞ்சல நல்லா இருக்குதா?"

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே நடந்ததை எல்லாம் சொன்னேன். சின்னப்பொண்ணு அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். ஒண்ணு மட்டும் சொல்லாம வுட்டுட்டா அவ" என்றார்.

"இன்னாம்மா?"

"அந்தாளு வந்த நாலாம் நாளே இவ எறங்கறேன்னுட்டா. கோவமெல்லாம் அன்னிக்கே போச்சு. நான்தான் காலப் புடிச்சி நிறுத்தினேன். அந்த வருசம் எங்கூட்ல ஆளே இல்ல. அறுப்பு முடியட்டும், அது வரைக்கும் பாக்கலாம் பாக்கலாம்னே சொல்லிக்கினு இருன்னேன். குருவி ஓட்ட எனக்கு வேற ஆளு எங்க?"

வண்டி மலையிறங்கும் வழியெல்லாம் டோலக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கோ நான்காவது சரணம் தயாராகிவிட்டது. அருமையான சரணம். வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை அம்மாவுக்குப் போன் போட்டேன். சின்னப்பொண்ணு நலமாக இருப்பதைச் சொன்னேன். குரல் உடைந்து, நேரில் கூட்டிப் போகச் சொன்னார். பிறகு அறுப்பு விஷயத்தைக் கேட்டேன். எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் கிசுகிசுப்பாக வந்தது.

"யம்மா, அத மட்டும் பாட்டுல சேத்துடாத. எம்மனச மாத்தத்தான் ரெண்டு மாசம் குருவி ஓட்டினதா அவருக்கு ஒரு பெரும. வந்தவங்க போனவங்க கிட்டல்லாம் இப்ப அத்தத்தான் சொல்லிக்கினு இருக்காரு. அது இருந்துட்டுப் போட்டும்."

அந்தச் சரணத்தை நான் இன்றுவரை பாடியதில்லை.

வரும் தை மாதம் அவர்கள் பேத்தியின் கல்யாண வரவேற்புக்கு நீங்கள்தான் களமருதூர் போகிறீர்கள். ஐயா நிச்சயம் அந்தப் பாட்டைக் கேட்பார். மூன்று சரணத்தையும் நன்றாகப் பாடுங்கள். முடிந்ததும், "பாட்டு சட்டுனு முடிஞ்சிட்ட மாதிரி கீதே, இன்னொரு சரணம் இருக்குதா?" என்பார். என்னிடம் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லுங்கள். பக்கத்திலிருந்து அஞ்சலை அம்மா உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.